கழற்றிப் பார்க்காமல் விட்ட குழாய்

அடைத்த ஆறாவது வாரத்தில் திறந்த பீர் பாட்டில்தான் முதன்முதலாகப் பொங்கியது. அதே பீரை மூன்றாவது வாரத்தில் திறந்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. நுரை அளவாக நின்றது, மால்ட் என்னும் முளைகட்டிய தானியத்தின் இனிப்பும் ஹாப்ஸ் பூக்களின் கசப்பும் ஒன்றையொன்று மீறாமல் இருந்தன, அதுவரை நான் வீட்டில் தயாரித்தவற்றில் இதுவே சிறந்தது என்று நண்பர்களிடம் சொல்லியும் விட்டேன். ஆறாவது வாரத்தில் மூடியை நெம்பியதும் நுரை ஒரு தூண் போல எழுந்தது. பாட்டிலைக் கழுவுதொட்டிக்குக் கொண்டுபோவதற்குள் பாதி பீர் தரையில் கிடந்தது. மீதியைக் கோப்பையில் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். புளிப்பு இல்லை. ஆனால் பீர் தண்ணீராக நீர்த்துப்போயிருந்தது. நான் சேர்க்காத கிராம்பின் வாசனையும், அதற்கு அடியில் லேசான புகை நெடியும் இருந்தன.

புதிதாகத் தொடங்கிய எவரையும் போல நானும் முதலில் சர்க்கரையைத்தான் சந்தேகித்தேன். பாட்டிலுக்குள் வாயு ஏறுவதற்காக, அடைப்பதற்குச் சற்று முன்பு பீரில் சர்க்கரைக் கரைசல் சேர்க்கிறோம். எஞ்சியிருக்கும் ஈஸ்ட் அதை உண்டு கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. 19 லிட்டருக்கு 120 கிராம் என்ற என் கணக்கில் பிழை இல்லை, தராசிலும் பிழை இல்லை. பிறகுதான், திரவத்தில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரைப் பயன்படுத்தத் தோன்றியது. பொங்கிய பீரை இரண்டு கோப்பைகளுக்கிடையே பல முறை மாற்றி மாற்றி ஊற்றி, வாயு முழுவதும் வெளியேறிய பிறகே அளந்தேன். குமிழிகள் இருந்தால் அவை ஹைட்ரோமீட்டரைத் தூக்கிப் பிடித்து அளவைக் கூட்டிக் காட்டிவிடும். அடைத்த நாளில் 1.012 என்று நின்ற ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; சர்க்கரை குறைந்தால் இதுவும் குறையும்) இப்போது 1.005 என்று காட்டியது. நான் சேர்த்த சர்க்கரை மட்டும் நொதித்திருந்தால் அளவு ஏறக்குறைய பழைய இடத்திலேயே நின்றிருக்க வேண்டும். அப்படியானால், என் ஈஸ்ட்டால் உண்ண முடியாமல் விடப்பட்ட நீண்ட சங்கிலிச் சர்க்கரைகளை வேறு எதுவோ பாட்டிலுக்குள் இருந்துகொண்டு நிதானமாக உண்டிருக்கிறது.

இதில் ஒரு கணக்கை எல்லோரும் அறிந்துவைத்திருப்பது நல்லது. ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் அளவுக்கான வாயு கரைந்திருந்தால் அதை ஒரு மடங்கு என்று கொள்வோம். சாதாரணப் பீரில் இரண்டரை மடங்கு இருக்கும். ஒப்படர்த்தி 0.001, அதாவது ஒரு புள்ளி, குறைந்தால் ஏறத்தாழ அரை மடங்கு வாயு உருவாகும். என் பாட்டில்களில் ஏழு புள்ளிகள் குறைந்திருந்தன. அதாவது இரண்டரையுடன் மூன்றரை சேர்ந்து ஆறு மடங்கு. சாதாரணப் பீர் பாட்டிலை மூன்று மடங்குக்கு மேல் நம்பக் கூடாது. இதை எழுதிப் பார்த்த அந்த இரவில்தான், அலமாரியில் இருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட பாட்டில்கள் கெட்டுப்போன பீர் மட்டுமல்ல, கண்ணாடித் துண்டுகளாகச் சிதறக்கூடியவை என்பது எனக்கு உறைத்தது. தடித்த கையுறையும் முகத்தை முழுவதும் மறைக்கும் கவசமும் அணிந்து, ஒவ்வொன்றையும் கனத்த துணியால் மூடியே எடுத்தேன். ஒரு நாள் முழுவதும் குளிர்பெட்டியில் வைத்து, அழுத்தம் இறங்கிய பிறகு துணிக்கு அடியிலேயே மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினேன். இந்த நிலை யாருக்கேனும் வந்தால் இதில் ஒரு படியையும் சோம்பலால் தாண்ட வேண்டாம்.

அடுத்த சில மாதங்கள் என் கோபம் முழுவதும் பாட்டில்கள் மீது திரும்பியது. அது தவறான திசை என்று பின்னால் தெரிந்தாலும், அந்தத் தேடலில் உண்மையான பிழைகள் சில அகப்பட்டன. அவற்றில் முக்கியமானது, கழுவுவதும் கிருமி நீக்குவதும் ஒரே வேலை என்று நான் நினைத்திருந்தது. கழுவுதல் அழுக்கை அகற்றுகிறது. கிருமிநீக்கி, அழுக்கு போன பிறகு பரப்பில் எஞ்சும் நுண்ணுயிர்களைக் கொல்கிறது. பாட்டிலின் அடியில் பழைய பீரின் வண்டல் ஒரு வளையமாகக் காய்ந்திருந்தால், அதன்மேல் எவ்வளவு வீரியமான கிருமிநீக்கியை ஊற்றினாலும் அது வளையத்தின் மேற்பரப்பைத்தான் தொடும். உள்ளே இருப்பவை பத்திரமாக இருக்கும். ஆகவே குடித்து முடித்த உடனேயே பாட்டிலை மூன்று முறை வெந்நீரால் அலசிக் கவிழ்த்து வைப்பதுதான் பாட்டில் சுத்தத்தில் முக்கால் பங்கு வேலை. அப்படிச் செய்யாமல் காய விட்டவற்றைச் சோடியம் பெர்கார்பனேட் கரைத்த வெந்நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, பிறகு அலசி, விளக்குக்கு நேராகப் பிடித்து அடியைப் பார்க்கிறேன். ஊறிய பிறகும் நிழல் போல ஏதேனும் தெரிந்தால் அந்தப் பாட்டில் வேண்டாம். ஒரு பாட்டிலின் மதிப்பு அதற்குள் போகும் பீரைவிடக் குறைவுதான்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் அடுக்கிவிட்டால் போதும் என்று நம்பியதும் உண்டு. அதன் நீர்த்தாரை குறுகிய கழுத்துக்குள் ஒழுங்காக ஏறுவதில்லை. மேலும் அதில் பயன்படுத்தும் பளபளப்புத் திரவம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பீரின் நுரையைக் கெடுக்கிறது. சூட்டடுப்பில் 170 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் கிருமிகள் நிச்சயம் அழியும். ஆனால் பாட்டில்களை அடுப்பு குளிர்ந்திருக்கும்போதே உள்ளே வைத்து, அணைத்த பிறகு அவை தாமாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையெனில் கண்ணாடி விரிசல் விடும். வாயை அலுமினியத் தாளால் மூடி அடுப்பில் ஏற்றினால் சில நாள்கள் கழித்துக்கூட அப்படியே எடுத்து நிரப்பலாம் என்பது இந்த முறையின் வசதி. அடுத்த தொகுதியின் ஐம்பத்து நான்கு பாட்டில்களையும் நான் இப்படித்தான் தயார் செய்தேன். அவ்வளவு சுத்தமான பாட்டில்களை அதற்கு முன்பும் பின்பும் நான் கண்டதில்லை. ஏழாவது வாரத்தில் அத்தனையும் பொங்கின.

என்னைவிடப் பல ஆண்டுகள் மூத்த அனுபவம் உள்ள நண்பர் ஒருவரிடம் இதைப் புலம்பியபோது, அவர் பாட்டில்களைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. "சில பாட்டில்களா, எல்லாப் பாட்டில்களுமா?" என்று மட்டும் கேட்டார். எல்லாமும் என்றேன். "அப்படியென்றால் பாட்டிலை விட்டுவிடுங்கள். எல்லாப் பீரும் எந்த வழியாகப் போயிற்று என்று பாருங்கள்" என்றார்.

இவ்வளவு எளிய பகுத்தறிவு எனக்குத் தோன்றாமல் போனதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். ஐம்பது பாட்டில்களில் இரண்டோ மூன்றோ கெட்டால் குற்றம் அந்தப் பாட்டில்களிலோ அவற்றின் மூடிகளிலோ இருக்கிறது. அத்தனையும் ஒரே விதமாகக் கெட்டால் குற்றம் அதற்கு மேல்படியில், அதாவது நொதிகலத்திலோ, அதிலிருந்து பீரை இறக்கும் சைஃபனிலோ, சர்க்கரைக் கரைசலைக் கலக்கும் வாளியிலோ, வாளியின் அடியில் திறந்து மூடும் குழாயிலோ, அதிலிருந்து பாட்டிலுக்குப் போகும் டியூபிலோ இருக்கிறது.

மேல்படியில் எந்த இடம் என்பதைக் கண்டறிய அடுத்த தொகுதியை இரண்டாகப் பிரித்தேன். ஆறு பாட்டில்களில் மட்டும் கொதிக்கவைத்த சர்க்கரைக் கரைசலைத் தனித்தனியே அளந்து விட்டு, நொதிகலத்திலிருந்து புதிய டியூப் ஒன்றின் வழியாக நேரடியாக நிரப்பினேன். மற்றவற்றை வழக்கம்போல வாளிக்கு மாற்றி, அதன் குழாய் வழியாக நிரப்பி, மூடிகளில் வரிசை எண் எழுதினேன். பத்து வாரங்கள் ஆகியும் அந்த ஆறு பாட்டில்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாளி வழியாக வந்தவற்றிலோ ஐந்தாவது வாரத்திலேயே அடையாளம் தெரிந்தது. அதிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டவைதாம் முதலில் பொங்கின, நாற்பதுக்கு மேல் எண்ணிட்டவை இரண்டு வாரம் பொறுத்திருந்தன. குழாயின் உள்ளே தங்கியிருந்ததைத் தொடக்கத்தில் போன பீர் அதிகமாக அள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

வாளியின் அடியில் திருகிப் பொருத்தும் அந்த பிளாஸ்டிக் குழாயை ஒவ்வொரு முறையும் வாளியிலிருந்து கழற்றிக் கழுவித்தான் வந்தேன். ஆனால் அது ஒரே துண்டு என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது இரண்டு துண்டு: வெளிக்கூடு ஒன்று, அதற்குள் இறுக்கமாகச் செருகப்பட்டுச் சுழலும் உருளை ஒன்று. கைப்பிடியைத் திருப்பும்போது இந்த உருளைதான் திரும்பித் துளைகளை நேராக்குகிறது. குழாயைச் சில நிமிடங்கள் வெந்நீரில் போட்டு, கூடு சற்று இளகியதும் ஒரு மரக்குச்சியால் உருளையின் அடியை அழுத்தித் தள்ளினால் அது தனியே வந்துவிடும். அப்படித் தள்ளியபோது உருளையின் பக்கங்களில் பழுப்பு நிறத்தில், விரலால் தேய்த்தால் வழுக்கும் ஒரு படலம் இருந்தது. இரண்டு ஆண்டு பீர் அங்கே சேர்ந்திருந்தது. கிருமிநீக்கி அந்தக் குழாய் வழியாக ஒவ்வொரு முறையும் ஓடியிருக்கிறது. கூடுக்கும் உருளைக்கும் இடைப்பட்ட அந்த மெல்லிய இடுக்குக்குள் அது ஒருநாளும் போகவில்லை. நுண்ணுயிர்கள் ஒரு பரப்பில் ஒட்டி, தம்மைச் சுற்றிப் பிசின் போன்ற படலத்தை உருவாக்கிக்கொண்ட பிறகு, வீட்டில் பயன்படுத்தும் கிருமிநீக்கிகளால் அதைத் துளைப்பது கடினம். தேய்த்து அகற்றிய பிறகே கிருமிநீக்கிக்கு அங்கே வேலை.

அந்தப் படலத்தில் குடியிருந்தது எது என்பதும் என் பழைய குறிப்பேட்டைப் புரட்டியபோது விளங்கியது. பொங்கிய முதல் தொகுதிக்கு முன்பு, அதே வாளியைக்கொண்டு செஸான் வகைப் பீர் ஒன்றை அடைத்திருந்தேன். அந்த வகைக்கான ஈஸ்ட்டுகள் பல டையாஸ்டாடிகஸ் என்னும் கிளையைச் சேர்ந்தவை. அவை குளுக்கோஅமைலேஸ் என்ற நொதியைச் சுரந்து, மற்ற ஈஸ்ட்டுகளால் தொட முடியாத டெக்ஸ்ட்ரின்கள் என்னும் நீண்ட சங்கிலிச் சர்க்கரைகளைத் துண்டாக்கி உண்ணக்கூடியவை. கிராம்பு வாசனையும் அவற்றின் கைவண்ணமே. செஸானில் இவை விருந்தாளிகள். வேறு பீரில் புகுந்தால் திருடர்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் லாக்டோபசிலஸ் போன்ற, பீரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களை ஓரளவு அடக்கும், ஈஸ்ட்டை அடக்காது. 1883-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் தூய ஈஸ்ட் வளர்ப்பை உருவாக்கியதற்குப் பின்னாலும் இதே சிக்கல்தான் இருந்தது: பீரைக் கெடுப்பது பாக்டீரியா மட்டுமல்ல, இடம் மாறி வந்த ஈஸ்ட்டும்தான் என்பதை அவர் காட்டினார். நான் அதை ஒரு பிளாஸ்டிக் குழாயில் கண்டுகொண்டேன்.

குழாய், டியூப், வாஷர் மூன்றையும் எறிந்துவிட்டுப் புதியவை வாங்கினேன். வாளியின் உட்புறத்தில் சொரசொரப்பான பஞ்சால் தேய்த்த கீறல்கள் இருந்ததால் அதையும் மாற்றினேன். பிளாஸ்டிக்கில் விழும் ஒவ்வொரு கீறலும் நுண்ணுயிருக்கு ஒரு பள்ளத்தாக்கு என்பதால் இப்போது மென்மையான துணியைத் தவிர வேறெதையும் வாளிக்குள் விடுவதில்லை. கண்ணாடிப் பாட்டில்களை வைத்துக்கொண்டேன். செஸானுக்கென்று தனி டியூபும் தனிக் குழாயும் உள்ளன. அவற்றில் சிவப்பு நாடா சுற்றியிருக்கிறேன்.

அந்தக் குழாயைத் தேடிப் போனதில் மற்ற இடுக்குகளும் கண்ணில் பட்டன. பாட்டிலின் அடியைத் தொட்டதும் திறந்து, எடுத்ததும் மூடிக்கொள்ளும் நிரப்பும் குழலின் நுனியில் ஒரு சுருள்வில்லும் சிறு அடைப்பானும் இருக்கின்றன. அந்த நுனியும் கையால் இழுத்தால் கழன்று வரும், அதற்குள்ளும் ஹாப்ஸ் துகள்கள் சிக்கியிருந்தன. டியூபின் உட்புறம் வெண்மையாக மங்கிவிட்டால் கழுவி மீட்க முயல்வதில்லை, மாற்றிவிடுகிறேன். பாட்டில் தூரிகையைக்கூட ஒருநாள் முகர்ந்து பார்த்தேன். எதைக்கொண்டு சுத்தம் செய்கிறோமோ அதைச் சுத்தம் செய்ய நினைப்பதே இல்லை.

கிருமிநீக்கியைப் பற்றியும் சில சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் நான் செய்த பிழைகள் பொங்குவதைவிட வேறு விதமாகத் தண்டித்தன. முதல் ஆண்டில் வீட்டுப் பிளீச்சைப் பயன்படுத்தினேன். லிட்டருக்கு 4 மில்லிலிட்டர் அளவில் குளிர்ந்த நீரில் கலந்து இருபது நிமிடம் ஊறவைத்தால் அது வேலை செய்யும். ஆனால் அலசும்போது சிறிது எஞ்சினாலும் குளோரின் பீரில் உள்ள ஃபீனால்களுடன் சேர்ந்து, காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியின் நெடியை உண்டாக்கும். அதன் மிக மெல்லிய அளவையும் நாக்கு கண்டுபிடித்துவிடும், எத்தனை மாதம் வைத்தாலும் போகாது. இன்னொரு எச்சரிக்கை: பிளீச்சின் வேகத்தைக் கூட்ட அதில் வினிகரையோ வேறு அமிலத்தையோ நேரடியாகக் கலக்கவே கூடாது, நச்சான குளோரின் வாயு வெளிப்படும்.

பிறகு பாஸ்பாரிக் அமிலம் கொண்ட, நுரைக்கும் ஸ்டார் சானுக்கு மாறினேன். 19 லிட்டர் நீருக்கு 30 மில்லிலிட்டர், தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டிய நேரம் ஒன்று முதல் இரண்டு நிமிடம், அலசத் தேவையில்லை. இந்தக் கடைசிச் சொல்லை நம்ப மனம் வராமல், பாட்டிலுக்குள் தெரிந்த நுரையைக் கண்டு பயந்து, குழாய்த் தண்ணீரால் அலசிக்கொண்டிருந்தேன். கிருமி நீக்கிய பரப்பின்மேல் கிருமி நீக்காத தண்ணீரை ஊற்றிய பிறகு முதல் வேலைக்கு என்ன பொருள்? அந்த நுரை சரியான அளவில் கலந்திருந்தால் பீருக்கு ஒரு கேடும் செய்யாது. ஆனால் கண்ணளவில் கலக்கக் கூடாது; ஊசிக்குழாயால் அளந்தே கலக்கிறேன், பழைய கரைசலை அமிலத்தன்மை காட்டும் தாளால் சோதித்து, பிஹெச் 3-க்கு மேல் போயிருந்தால் கொட்டிவிடுகிறேன். அயோடோஃபோர் பயன்படுத்துவோருக்கு அளவு பத்து லட்சத்தில் 12.5 பங்கு அயோடின். அதன் தேயிலைச் சாய நிறம் வெளுத்துவிட்டால் வீரியமும் போய்விட்டது என்று பொருள், அதனால் நிறமே அளவுகோலாகிறது. பிளாஸ்டிக்கில் கறை படியும் என்பது அதன் சிறு தொல்லை.

சிறு பிழைகளும் உண்டு. சைஃபனைத் தொடங்க டியூபை வாயால் உறிஞ்சுவது எல்லோரும் செய்வதுதான். வாயில் லாக்டோபசிலஸ் எப்போதும் இருக்கிறது என்பதை அறிந்த பிறகு, டியூபில் கிருமிநீக்கியை நிரப்பி அதன் எடையாலேயே ஓட்டத்தைத் தொடங்கி, முதலில் வருவதைத் தனிப் பாத்திரத்தில் பிடித்துக் கொட்டுகிறேன். சர்க்கரையை அப்படியே வாளியில் கொட்டாமல், சிறிது நீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆற்றிச் சேர்க்கிறேன். ஹைட்ரோமீட்டருக்காக எடுத்த பீரைத் திரும்ப ஊற்றுவதில்லை, குடித்துவிடுகிறேன். மால்ட் தானியத்தை அரைக்கும்போது பறக்கும் தூசியில் லாக்டோபசிலஸ் நிறைய இருப்பதால், அரைக்கும் அறையிலும் அரைத்த நாளிலும் பாட்டில் அடைப்பதில்லை. பழ ஈக்கள், பீரை வினிகராக்கும் அசிட்டோபாக்டர் பாக்டீரியாவைச் சுமந்து வருபவை. வாளியை மூடாமல் விட்டுவிட்டு மூடிகளைத் தேடிப் போன ஒரு மாலையில் ஒன்று உள்ளே விழுந்தது. அந்தத் தொகுதி ஏனோ கெடவில்லை. பிழை செய்தால் ஒவ்வொரு முறையும் தண்டனை வராது என்பதுதான் இந்தக் கலையில் கெட்ட பழக்கங்கள் நிலைத்துவிடக் காரணம்.

கெட்ட பீரைக் குடித்தால் நோய் வருமா என்று கேட்பவர்களுக்கு: பீரின் ஆல்கஹாலும், நான்கு முதல் நாலரை வரையிலான பிஹெச்சும், ஹாப்ஸும் சேர்ந்து நோய்க்கிருமிகளைப் பெரும்பாலும் வளர விடுவதில்லை. ஆபத்து வயிற்றுக்கு அல்ல, கண்ணுக்கும் கைக்கும்தான்.

இப்போது என் வேலை வரிசை தலைகீழாகிவிட்டது. முன்பு பாட்டில் அடைக்கும் நாளின் காலையில் எல்லாவற்றையும் கழுவுவேன். இப்போது அடைத்து முடித்த அன்றிரவே, களைத்திருந்தாலும், குழாயின் உருளையைத் தள்ளியெடுத்து, நிரப்பும் குழலின் நுனியைக் கழற்றி, எல்லாவற்றையும் கழுவி, துண்டுகளாகவே உலர விடுகிறேன். உலர்ந்த பரப்பில் படலம் வளராது. அடுத்த முறை அடைக்கும் நாளில்தான் அவற்றைக் கிருமிநீக்கியில் நனைத்து, ஈரத்தோடு ஒன்றுசேர்க்கிறேன். மூடிகள் ஒரு கிண்ணக் கிருமிநீக்கியில் கிடக்கும். எடுத்த பாட்டிலைத் துணியால் துடைப்பதில்லை, கவிழ்த்து வடியவிட்டு அப்படியே நிரப்புகிறேன்.

பாட்டில்களை மூடி உள்ள தடித்த பெட்டிக்குள்தான் அடுக்குகிறேன். முதலில் நிரம்பிய மூன்று பாட்டில்களின் மூடிகளிலும் எண் எழுதி, மூன்று, ஆறு, பத்து ஆகிய வாரங்களில் ஒவ்வொன்றாகக் குளிரவைத்துத் திறந்து, வாயுவை நீக்கி ஒப்படர்த்தியை அளக்கிறேன். போன வாரம் மூன்றாம் எண் பாட்டிலைத் திறந்தேன். 1.011 என்று காட்டியது, அடைத்த நாளில் இருந்ததும் அதுவே.